முதலில் கான், பிறகு விதை: மலையகத்தில் வீட்டுத்தோட்டம் தொடங்குவோருக்கு

வீட்டுத்தோட்டம் போட வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலானோர் முதலில் செய்வது, நகரத்துக் கடைக்குப் போய் நாலைந்து விதைப் பைக்கற்றுகளை வாங்கி வருவதுதான். இலங்கையின் மலையகத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இங்கே நிலம் சரிவில் கிடக்கிறது. ஒரு கன மழை சில மணி நேரத்தில் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். எஞ்சிய மண்ணும் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். தண்ணீருக்கு வழி செய்து மண்ணையும் திருத்திவிட்டால், சாதாரண விதையைப் போட்டாலும் வீட்டுக் கறிக்கு ஏதாவது கிடைக்கும். இவ்விரண்டையும் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து விதை வாங்கினாலும், முதல் அடைமழையோடு பாத்தியும் போய்விடும், போட்டவரின் ஆர்வமும் போய்விடும்.

கான் எனப்படும் வடிகாலை வெட்டவும், முள்ளுக் கருவியால் மண்ணைக் குத்தி இளக்கவும் தெரிந்த ஒருவராவது இல்லாத குடும்பம் நமது தோட்டங்களில் அரிது. 200 ஆண்டுகளாகக் கோப்பிக்கும் தேயிலைக்கும் செலவான அந்தக் கைத்திறன் நமது சொந்தச் சமையலறைக்கும் பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வேலையைத் தொடங்குமுன் அவர்களை அழைத்து நிலத்தைக் காட்டுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த இடத்தில் மண் இளகும் என்று அவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

உங்கள் ஊரின் உயரமும் மழையும்

மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றர் அளவில் இருக்கின்றன. பதுளை நகரம் 700 மீற்றருக்கும் குறைவு. கண்டி 500 மீற்றர் அளவில் உள்ளது. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், நோக்கோல், சலாது இலை ஆகியவை உயரம் கூடக் கூட நன்றாக வரும். கத்தரி, வெண்டி, பயற்றை, புடோல், மரவள்ளி போன்றவை பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சூட்டை விரும்புபவை. நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ அவற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். கறிவேப்பிலையும் முருங்கையும் அந்தக் குளிரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். போஞ்சி, முள்ளங்கி, கறிமிளகாய், தக்காளி ஆகியவை நடுத்தர உயரத்தில் மிகச் செழிப்பாக வரும்.

மழையிலும் இரண்டு பக்கங்கள் உள்ளன. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்கிறது. அதே காலத்தில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும் காற்று வறண்டுவிடுவதால் பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பகுதிகளில் யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை மண் காய்ந்து கிடக்கும். ஊவாவுக்கு நல்ல மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ் பருவமழையோடு சனவரி வரை செல்லும். இதிலிருந்து தொடக்கக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மேற்குச் சரிவில் இருப்பவர்கள் மாசியில் பாத்தியைத் தயார் செய்து, பெரும் மழை இறங்குமுன் முதல் அறுவடையை எடுத்துவிடலாம்; தவறினால் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கலாம். ஊவாப் பக்கம் இருப்பவர்கள் செப்டெம்பரில் மண்ணை வேலை செய்து வைத்து, ஒக்டோபர் மழையில் விதைக்கலாம். நுவரெலியாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் மேலதிகமாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து, இளம் போஞ்சியையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் ஒரே இரவில் கருக்கிவிடும். கோவாவும் லீக்ஸும் அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

இடம் பார்த்தல்

தனிவீட்டுத் திட்டங்கள் பலவற்றில் கொடுக்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் வாசலும் மலசலகூடமும் போக எஞ்சும் இடம் ஒரு குடும்பத்தின் கீரைக்கும் கறிக்கும் தாராளமாகப் போதும். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குக் காம்பராவின் (தமது அறையின்) முன்வாசலுக்கும் அடுத்த கானுக்கும் இடைப்பட்ட ஒரு துண்டு நிலம் இருக்கலாம். அந்தத் துண்டு பல வேளைகளில் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால், வேலி போடுமுன் அனுமதி கேட்டுக்கொள்வதும், பல ஆண்டு நிற்கும் மரங்களை வைக்காமல் குறுகிய காலப் பயிர்களோடு தொடங்குவதும் பின்னால் வரக்கூடிய மனவருத்தத்தைத் தவிர்க்கும். அயல் காம்பராக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் பாத்தியில் வடியும் தண்ணீர் அவருடைய வாசலுக்குத்தான் போகப்போகிறது.

ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாகப் பாருங்கள். மலையகத்தில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடுவதால் காலை வெயில்தான் பெறுமதியானது. கிழக்கைப் பார்த்த சரிவு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பெரிய கிரவிலியா மரத்தின் அடியும், சுவரின் மேற்கு நிழலும் கீரைக்குக்கூட ஆகாது. மலசலகூடக் குழிக்குக் கீழ்ப்பக்கமாகப் பாத்தி போடக் கூடாது. தேயிலை மலையை ஒட்டிய இடமாயின், களைநாசினி தெளிக்கும்போது காற்றில் வரும் திவலைகள் உங்கள் கீரை மேல் விழும். ஆகவே இடையில் சில அடி விட்டு, மானாப்புல் அல்லது வேறு அடர்ந்த செடி வரிசை ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். பீலியோ குழாயோ பக்கத்தில் இருப்பது அவசியம், ஏனென்றால் வறண்ட மாதங்களில் வாளி தூக்கி ஏறுவதில்தான் பலருடைய தோட்டம் நின்றுபோகிறது.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை வெட்டி இடம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சரிவின் அடியை வெட்டுவதும், சரிவின் மேல் தண்ணீரைத் தேங்க விடுவதும் மண்ணை இளக்கும் செயல்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் அபாயப் பகுதி என்று அறிவித்த இடங்களில் மண்ணைக் கிளறவே வேண்டாம். அங்கே உரப்பைகளில் மண் நிரப்பி வாசலில் பயிர் செய்வதே சரி. ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு கூட்டெரு, அரைப் பங்கு மணல் கலந்து நிரப்பி, அடியில் வடிகால் துளை போட்ட பைகளில் வெங்காயத்தாள், சலாது இலை, கறிமிளகாய், தக்காளி எல்லாம் குறையின்றி வரும்.

இடம் முடிவானதும், 10 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட மூன்று பாத்திகளுக்கு மேல் முதல் ஆண்டில் போட வேண்டாம். ஆர்வத்தில் நிலம் முழுவதையும் கொத்திவிட்டு, கொழுந்து கூடிய காலத்தில் களை எடுக்க நேரமில்லாமல் விட்டுவிட்ட தோட்டங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கானும் பாத்தியும்

பாத்தி சரிவுக்குக் குறுக்கே, சமமட்டமாக ஓட வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தி மழைக்கு வாய்க்காலாக மாறிவிடும். கண்ணால் பார்த்து மட்டம் பிடிப்பது சரிவில் எப்போதும் ஏமாற்றும். அதற்கு 'ஏ' எழுத்து வடிவச் சட்டம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஆறடி நீளமுள்ள இரண்டு நேரான கம்புகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை ஐந்தடிக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைக் கடந்து கீழே தொங்க வேண்டும். இப்போது சட்டத்தை நிலத்தில் அடித்த இரண்டு முளைகளின் மேல் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, வலது கால் இருந்த முளையில் இடது காலை வைத்து மீண்டும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவே மூன்றாவது கோட்டை ஆழமாக வெட்டிக்கொள்ளுங்கள், அதுதான் மட்டம். இனி நிலத்தில் முதற்காலை ஊன்றி, நூல் நடுக்கோட்டில் வந்து நிற்கும் வரை இரண்டாம் காலை மேலும் கீழும் நகர்த்தி, அது நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, அந்தக் குச்சியிலிருந்து அடுத்த அடியை எடுத்து வையுங்கள். குச்சிகளை இணைத்தால் வரும் கோடு வளைந்து நெளிந்துதான் போகும். அதை நேராக்க முயல வேண்டாம். மலையின் மட்டம் அப்படித்தான் இருக்கும்.

பாத்திகளுக்கு மேலே, முதல் வேலையாக ஒரு கானை வெட்டுங்கள். ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் சிறு தோட்டத்துக்குப் போதும். இந்தக் கான் மட்டும் முழுச் சமமாக இருக்கக் கூடாது. 20 அடி நீளத்துக்கு இரண்டு அங்குலம் அளவில் சரிந்து, ஏற்கெனவே உள்ள பெரிய கானிலோ கல் பாவிய இடத்திலோ போய் விழ வேண்டும். வேகமாகச் சரிந்தால் கானின் அடியே அரித்துப் பள்ளமாகிவிடும். கானுக்குள் சில அடிக்கு ஒன்றாக வெட்டாமல் விட்ட மண் தடுப்புகள் இருந்தால், தண்ணீர் அவற்றின் மேல் வழிந்து போகும்போது வண்டல் மண் பின்னால் தங்கும். தேயிலை மலைகளில் நமது முன்னோர் வெட்டிய கான்களைக் கூர்ந்து பார்த்தால் இதே ஏற்பாட்டைக் காணலாம். மழை ஓய்ந்ததும் அந்த வண்டலை அள்ளிப் பாத்தியில் போடுங்கள். அது உங்கள் நிலத்தின் மிகச் சிறந்த மண்.

பாத்தியைச் சுற்றியுள்ள தரையைவிட ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்திக் கட்டி, கீழ் விளிம்பில் கல்லை அடுக்குங்கள். கல் இல்லாத இடத்தில் வெட்டிவேர் அல்லது மானாப்புல்லை நெருக்கமாக நடலாம். முள்ளைக் குத்தி மண்ணை ஓரடி ஆழத்துக்கு இளக்கிய பிறகு, அந்தப் பாத்தியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டும் அகலம் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

மண்ணின் புளிப்பைத் திருத்துதல்

தேயிலை 4.5 முதல் 5.5 வரையான பீஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) உள்ள மண்ணில் மகிழ்ச்சியாக வளரும். மரக்கறிகளில் பெரும்பாலானவை 6 முதல் 6.5 வரை கேட்கின்றன. புளிப்பு மண்ணில் எவ்வளவு பசளை போட்டாலும் அதை, குறிப்பாகப் பொசுபரசை, வேர் எடுத்துக்கொள்ள முடியாது. செடி வெளிறி, குட்டையாக நிற்கும். இதற்கு மருந்து டொலமைட். மாத்தளை, திகன பக்கங்களில் தோண்டியெடுக்கப்படும் இந்தக் கல்லின் மா பசளைக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கல்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்து கிடைப்பது இதன் சிறப்பு. மண்ணைப் பரிசோதிக்காத நிலையில், சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவி, மண்ணோடு நன்றாகக் கலந்து, இரண்டு வாரம் விட்டுவிட்டு நடுங்கள். டொலமைட் போட்ட அதே நாளில் மாட்டெருவோ யூரியாவோ போடக் கூடாது. சேர்ந்தால் நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். பரிசோதித்துச் செய்ய விரும்புவோர் தமது கமநல சேவை நிலையத்தை நாடி விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். 1920 என்ற இலக்கத்தை அழைத்தாலும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை கிடைக்கும்.

விறகடுப்பு எரிக்கும் வீடுகளில் சாம்பலும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும். அதில் பொட்டாசியமும் உண்டு. ஆனால் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பல் தோட்டத்துக்கு ஆகவே ஆகாது. சாம்பலையும் டொலமைட்டையும் அளவுக்கு மேல் போடுவது இன்னொரு பிழை. மண்ணின் புளிப்பு முழுதாகப் போனால் இரும்புச் சத்தையும் மங்கனீசையும் செடியால் எடுக்க முடியாது.

அடுத்தது கூட்டெரு. மலையகத்தில் அதற்கான மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தெருவோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியின் இளந்தண்டும் இலையும் நைதரசன் நிறைந்த முதல்தரப் பசுந்தாள். பூத்து விதை வைக்குமுன் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் காய்ந்த புல், சமையலறைக் கழிவு, குடித்து முடித்த தேயிலைச் சக்கை, மாட்டுச் சாணம் என்று மாறி மாறி அடுக்கி, மூன்றடி உயரத்துக்குக் குவியுங்கள். குவியல் மூன்றடிக்குக் குறைந்தால் உள்ளே சூடு பிடிக்காது. நமது குளிரில் இது முக்கியம். மழை நேரடியாக விழாதபடி பழைய தகரத்தையோ பொலித்தீனையோ மேலே சரித்து வைக்காவிட்டால், சத்து முழுவதும் கறுப்புத் தண்ணீராக வடிந்துவிடும். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடியை எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் காய்ந்த புல்லைச் சேர்த்துப் புரட்டுங்கள். ஒன்றும் கசியாவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் பதுளையில் மூன்று மாதத்திலும், நுவரெலியாவில் நான்கைந்து மாதத்திலும் பயன்படுத்தலாம். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். அதையும் குவியலில் சேர்த்து ஆறவிட்டே எடுங்கள்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்த முடிவு மாற்றப்பட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு, சொந்தக் கூட்டெருக் குவியலின் அருமையை விளக்க வேண்டியதில்லை. மூன்று பாத்தி கொண்ட வீட்டுத்தோட்டத்தைக் கூட்டெருவாலும் மாட்டெருவாலும் மட்டுமே நடத்த முடியும் என்பது என் கருத்து. பெரிய மரக்கறிச் செய்கைக்கு அதே கணக்கைச் சொல்ல மாட்டேன்.

எதை முதலில் விதைப்பது

தொடக்கக்காரருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதல் பாத்தியில் முள்ளங்கியும் கீரையும், இரண்டாவதில் போஞ்சி, மூன்றாவதில் நோக்கோலும் வெங்காயத்தாளும். முள்ளங்கி 40 முதல் 50 நாளில் கைக்கு வந்துவிடும். அந்த விரைவு கொடுக்கும் நம்பிக்கை, லீக்ஸுக்கு ஐந்து மாதம் காத்திருக்கத் தேவையான பொறுமையை வளர்க்கும். வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் பாத்தியில் போட வேண்டியதில்லை. கானின் ஈர விளிம்பில் தண்டை நட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் பறிக்கலாம். வேலியோரத்தில் முளைவிட்ட ஒரு சௌசௌக் காயை பாதி மண்ணுக்கு மேல் தெரியும்படி சாய்த்து வைத்து, மேலே ஒரு பந்தலும் போட்டுவிட்டால் அயலாருக்கும் கொடுக்கும் அளவுக்குக் காய்க்கும். இடம் உள்ளவர்கள் மரத்தக்காளி ஒன்றும் வைக்கலாம்.

உருளைக்கிழங்கை முதல் ஆண்டில் தொடாதீர்கள். விதைக்கிழங்கின் விலை ஒரு காரணம்; சமையலுக்கு வாங்கிய கிழங்கு முளைத்தது என்று நடுவதால் வாடல் நோயும் நூற்புழுவும் மண்ணுக்குள் குடியேறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கரட்டும் இரண்டாம் ஆண்டுக்குரியது. அதை நாற்றாகப் பிடுங்கி நட முடியாது; கல்லில்லாத, ஆழமாக இளகிய, பச்சை எரு படாத மண் வேண்டும்; இல்லாவிட்டால் கிழங்கு பிளந்து கோணலாகும். மண் தயாரானதும், விதையைக் காய்ந்த மணலோடு கலந்து கோட்டில் தூவி, முளைத்த மூன்றாம் வாரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். கலைக்க மனம் வராதவருக்குக் கரட் விரல் அளவுக்கு மேல் பெருக்காது.

போஞ்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையக வீட்டுத்தோட்டத்துக்கு அதைவிட ஏற்ற பயிர் எனக்குத் தெரியாது. கொடிப்போஞ்சியில் 'பண்டாரவளை பச்சை', 'கெப்பெட்டிப்பொல நில்' ஆகியவை நமது மலைகளுக்காகவே பரிந்துரைக்கப்பட்டவை. விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையங்களில் கேளுங்கள். ஓரங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு விதையாக, எட்டு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். கொடி எழுமுன்பே ஏழடிக் கம்புகளை நட்டுவிட வேண்டும். பிறகு நட்டால் வேர் அறுபடும். முளைத்து இரண்டு, மூன்று வாரத்தில் சில செடிகள் மஞ்சளாகி, தண்டின் அடி வீங்கி வெடித்திருந்தால் அது போஞ்சி ஈயின் வேலை. தண்டுக்குள் இருக்கும் புழுவை வெளியே எடுக்க முடியாது. ஆனால் வீங்கிய இடத்துக்கு மேல்வரை மண் அணைத்துவிட்டால் செடி அங்கிருந்து புதிய வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். முற்றாக வாடியவற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். காய் தொடங்கியதும் மூன்று நாளைக்கு ஒருமுறை தவறாமல் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் கொடி பூப்பதை நிறுத்திவிடும்.

கோவா, நோக்கோல், லீக்ஸ், தக்காளி, சலாது ஆகியவற்றுக்குச் சிறு தவறணை (நாற்றுமேடை) ஒன்று தேவை. பழைய மரப்பெட்டியிலோ பொலித்தீன் விரித்த தட்டிலோ வடிகால் துளை போட்டு, சலித்த மேல்மண்ணும் கூட்டெருவும் சம அளவில் நிரப்பி, கொதிநீரை மெதுவாக ஊற்றி ஆறவிட்டு, கோடு கிழித்து விதையை ஐதாகத் தூவுங்கள். நெருக்கமாக விதைத்து ஈரத்தையும் கூட்டினால் நாற்றின் கழுத்து அழுகி, இரவுக்குள் கூட்டமாகச் சாய்ந்துவிடும். மழை படாமல் மேலே தெளிவான பொலித்தீனைக் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். நாலைந்து இலை வந்த நாற்றை, மூடுபனி நாளிலோ மாலையிலோ நடுங்கள். கோவாவுக்கு ஒன்றரை அடி, நோக்கோலுக்கு எட்டு அங்குலம், லீக்ஸுக்கு ஐந்து அங்குலம் இடைவெளி போதும்.

தண்ணீர், பூச்சி, விலங்கு

மழை மாதங்களில் தண்ணீர் ஊற்றும் வேலை ஏறக்குறைய இல்லை. வறண்ட மாதங்களில் காலையில் ஊற்றுங்கள்; மாலையில் நனைந்த இலை இரவு முழுவதும் காயாமல் இருந்து நோயை அழைக்கும். விதை வைக்காத மானாப்புல்லை வெட்டி இரண்டு அங்குலக் கனத்துக்குப் பாத்தியில் விரித்தால், வெயிலில் ஈரத்தையும் மழையில் மண்ணையும் அது காப்பாற்றும். உறைபனி வரும் இரவுகளில் கம்பு நட்டுப் பழைய சேலையையோ சாக்கையோ இலையில் படாதவாறு விரித்து, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

காலையில் நாற்று தரையோடு வெட்டுண்டு கிடந்தால், அதைச் சுற்றி இரண்டு அங்குல மண்ணைக் கிளறுங்கள். சுருண்டு கிடக்கும் சாம்பல் நிற வெட்டுப்புழு அகப்படும். நடும்போதே ஒவ்வொரு நாற்றையும் சுற்றி காகித வளையம் ஒன்றை மண்ணில் பதித்துவிட்டால் அது அணுகாது. நத்தைகளை இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் சிறு தோட்டத்தில் பலன் தரும் வழி. கோவா இலையின் அடியில் பச்சைப் புழுவும் முட்டையும் இருக்கின்றனவா என்று வாரத்துக்கு இரண்டு முறை புரட்டிப் பாருங்கள், விரலால் நசுக்கிவிடலாம். தக்காளி இலையில் நனைந்தாற்போன்ற கரும்பழுப்புத் திட்டுகள் படர்ந்து, ஈரமான காலையில் அதன் அடிப்பக்கம் வெண்மையாகப் பூத்திருந்தால் அது குளிர்மழைக் காலத்து அங்கமாரி. சில நாளில் செடியையே முடித்துவிடும் என்பதால் அந்த இலைகளை உடனே அகற்றுங்கள். அடைமழைக் காலத்தில் தக்காளியைக் கூரையின் கீழன்றி வைக்காமல் இருப்பதே நல்லது. கோவா நண்பகலில் வாடி மாலையில் தெளிவதைக் கண்டால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கட்டி கட்டியாகப் பருத்திருந்தால், அந்தப் பாத்தியில் பல ஆண்டுகளுக்குக் கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் போட முடியாது. இந்த நோய் புளிப்பு மண்ணை விரும்புவது; டொலமைட் போடுவதும், முன்பின் தெரியாத இடத்து நாற்றை மண்ணோடு கொண்டுவராமல் இருப்பதும் தடுப்பு.

கிருமிநாசினி தவிர்க்க முடியாமல் போனால், அந்தப் பயிருக்கென்று விற்பதையே வாங்கி, பறிப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிளில் இருப்பதைக் கடைப்பிடியுங்கள். தேயிலைக்குத் தெளித்த மருந்தின் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரும் இடங்களில் அரையடி மண்ணுக்குள் புதைத்த தகர வேலி உதவும். குரங்குக்குக் கம்பி வலை மூடிய கூண்டுப் பாத்தி தவிர வேறு எதுவும் நெடுநாள் நிற்காது. பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு வைக்க வேண்டாம். மலையகத்தில் சிறுத்தைகள் அத்தகைய சுருக்குகளில் சிக்கி மாண்டிருக்கின்றன; அது சட்டப்படியும் குற்றம். வேலியில் மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது மனிதரையே கொன்றுவிடும்.

அறுவடைக்குப் பிறகு

பாத்தியை வெறுமையாக விடாதீர்கள். போஞ்சி முடிந்ததும் கொடியை அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டு, அந்த இடத்தில் கோவாவோ நோக்கோலோ நடுங்கள். போஞ்சி வேரின் முடிச்சுகளில் சேர்ந்த நைதரசன் இலைப்பயிருக்குப் பயன்படும். முள்ளங்கி எடுத்த பாத்திக்குப் போஞ்சியை மாற்றுங்கள். கீரையையும் முள்ளங்கியையும் ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு வரிசையாக விதைத்து வந்தால், ஒரு வாரம் குவிந்து மறுவாரம் ஒன்றுமில்லை என்ற நிலை வராது. ஒவ்வொரு நடவுக்கும் முன் பாத்திக்கு இரண்டு வாளி கூட்டெருவைச் சேருங்கள். மேல் கானில் அடைத்திருக்கும் மண்ணையும் அப்போதே அள்ளிவிடுங்கள்.

கரட், கோவா விதைகள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. அவற்றை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். போஞ்சி, கீரை, தக்காளி ஆகியவற்றின் விதையை, கலப்பின வகையாக இல்லாவிட்டால், நீங்களே சேமிக்கலாம். நோயில்லாத, நன்றாகக் காய்த்த இரண்டு மூன்று போஞ்சிக் கொடிகளைத் தொடக்கத்திலேயே அடையாளம் வைத்து, அவற்றில் பறிக்காமல் விடுங்கள். நெற்று மஞ்சளாகி உலரத் தொடங்கியதும், மழைக்கு முன் பறித்து அடுப்படிக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு விதை இறுகியதும், சுருங்கியதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, உலர்ந்த போத்தலில் சிறிது சலித்த சாம்பலோடு கலந்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். போத்தலின் மேல் இனத்தின் பெயரையும் காய்ந்த மாதத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்த பருவத்தில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்து, குறைந்தது எட்டு முளைத்தால் குழிக்கு இரண்டு விதையாகவும், அதற்குக் குறைந்தால் மூன்றாகவும் ஊன்றுங்கள்.